உண்மை பீரியட்

உக்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு.

என்னைப் போய்ப் பாக்காதேன்னு உன்னைப் பாலைக்குடாவுக்கு அனுப்பற டிரஸ்ட்ல சொல்லியிருப்பாங்களே? சொன்னாங்கல்ல? உன் மூஞ்சியிலயே தெரியுது. பரவால்ல. சொல்லியும் வந்திருக்க பாரு, அதுலேர்ந்தே நீ விவரமான பொண்ணுன்னு தெரியுது. ஒரு இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி, அங்க இருந்துட்டு வந்தவங்களைக் கேட்டுக்கணும். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

காபி சாப்பிடுவல்ல? சர்க்கரை கம்மியாதான் போடுவேன். உடம்புக்கு நல்லது.

பாலைக்குடா நல்ல ஊரு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கைன்னதும் என் தங்கச்சி பயந்தா, அங்கெல்லாம் எதுக்குப் போறேன்னா. நான் சொன்னேன், முப்பது வருஷத்துக்கு மேல திருச்சியில வாத்தியார் வேலை பாத்தாச்சு, கடைசியில வைஸ் பிரின்சிபாலா ரிட்டயர் ஆயாச்சு, வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கணும்? ஒரு டெர்ம் போய் மீனவப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுப்போம்னுதான் போனேன். காசு வாங்கல. சேவை. அதை முதல்ல மனசுல வச்சுக்க. நான் சேவைக்குப் போனவ.

ஊருன்னா ஒரு தெருதான். ஒரு மாதா கோயில், பள்ளிக்கூடம், கரையில வள்ளங்க. ஹெட்மாஸ்டரை அங்க அதிபர்னு சொல்வாங்க. அதிபர் இம்மானுவேல்னு ஒருத்தர். ரொம்ப மரியாதையான மனுஷன். "வாங்கோ மிஸ், இருங்கோ மிஸ்"னு அப்படி ஒரு வரவேற்பு. வேன்லேர்ந்து என் பெட்டியை அவரே இறக்கினார். கடைசியில அதே மனுஷன்தான்... அது இருக்கட்டும். வரிசையா சொல்றேன்.

பிள்ளைங்க புத்திசாலிங்க. ஆனா போன முதல் வாரத்துலயே ஒண்ணு கவனிச்சேன். பொய். வாயைத் திறந்தா பொய். கெட்ட பொய்னு சொல்ல மாட்டேன், சின்னச் சின்னப் பொய். வீட்டுப்பாடம் ஏன் எழுதலன்னா, "மிஸ், விளக்குல எண்ணெய் முடிஞ்சிட்டுது"ம்பான். அந்த வீட்டுல கரெண்ட் இருக்கு, நானே பாத்திருக்கேன். நேத்து ஏன் வரலன்னா, "அம்மாக்கு சுகமில்லை"ம்பா. அம்மா கரையில நின்னு மீன் வித்துக்கிட்டிருப்பா. அதிபர்கிட்ட கேட்டேன், என்ன சார் இதுன்னு. அவர் சிரிக்கிறார். "கடல் ஊர் மிஸ். சிலதை அப்பிடியே விட்டாத்தான் ஓடும்"னார். என்ன பதில் அது? ஒரு கல்வியாளர் பேசற பேச்சா?

அதனாலதான் உண்மை பீரியட் ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். ஒவ்வொரு பிள்ளையா முன்னாடி வந்து நிக்கணும், யார்கிட்டயும் சொல்லாத ஒரு உண்மையைச் சொல்லணும். சொல்லி முடிச்சதும் எல்லாரும் கை தட்டணும். என்ன சொன்னாலும் கை தட்டணும், அது ரூல். உண்மைக்கு மரியாதை குடுக்கப் பழகணும்ல? இங்க என் ஸ்கூல்லயும் வச்சிருந்தேன், நல்ல ரிசல்ட்.

யூட்னு ஒரு பையன். பத்து வயசுக்குள்ள இருக்கும், எல்லா வயசும் என்கிட்ட ஒரே வகுப்புதான். முன்னாடி வந்து நின்னு காலைத் தேய்ச்சுக்கிட்டே, "நான் இன்னும் பாயில மூத்திரம் போறனான்"னான். எல்லாரும் கை தட்டினாங்க. அவன் அழுதான். நான் அவன் தோளைத் தட்டி, பாத்தியா இப்ப மனசு லேசாயிடுச்சுல்லன்னு கேட்டேன். ஒரு பொண்ணு அவங்கப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிக்கிறதைச் சொன்னா. அது அவங்கப்பன் காதுக்குப் போயி, அடுத்த வாரம் அவளுக்கு அடி. முதுகுல தடம். அதிபர் வந்து, "மிஸ், இதை நிப்பாட்டலாமோ?"ன்னு மெதுவா கேட்டார். நான் விடல. அடிச்சது யாரு? நானா? அவங்கப்பன்தானே? அவனைப் போய்க் கேளுங்கன்னேன். உண்மையச் சொன்னவளுக்கு அடி விழுதுன்னா தப்பு உண்மை மேலயா?

குடி, காபி ஆறுது.

அந்த வகுப்புல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. பன்னெண்டு வயசு. கறுப்பா, ஒல்லியா, பெரிய கண்ணு. எப்பவும் தம்பியை இடுப்புல தூக்கிட்டுத் திரிவா. வகுப்புலயே அவதான் ரொம்ப ஆர்வமான பிள்ளைன்னு நினைச்சேன். ஏன்னா இந்தியாவைப் பத்தி அவ்வளவு கேள்வி கேப்பா. ராமேஸ்வரம் எப்படி இருக்கும், சென்னை எவ்வளவு தூரம். அப்புறம் ஒரு நாள், "மிஸ், இந்தியாவில ஜெயில்ல என்ன சாப்பாடு குடுப்பினம்?"னு கேட்டா. எனக்குச் சிரிப்பு. சப்பாத்தி குடுப்பாங்கம்மா, பருப்பு குடுப்பாங்கன்னேன். சப்பாத்தின்னா என்னன்னு கேட்டா. போர்டுல படம் போட்டுக் காட்டினேன். "ஜெயில்ல தமிழ் ஆக்கள் இருப்பினமோ மிஸ்? சண்டை பிடிக்காத ஆக்கள்?" இருப்பாங்கம்மான்னேன். கண்ணை மூடிக்கிட்டு வாய்க்குள்ள முணுமுணுத்துக்குவா. பாடம் மனப்பாடம் பண்றான்னு நினைச்சேன்.

உண்மை பீரியட்ல மட்டும் வாயே திறக்க மாட்டா. அவ முறை வந்தா, "எனக்கு ஒண்டும் இல்லை மிஸ்"னு சொல்லிட்டு உக்காந்துடுவா.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் பின்னாடியே வந்தா. தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு. "மிஸ், ஒரு உதவி. நீங்கள் இந்தியாவிலருந்துதானே வந்தனீங்கள். அம்மாட்ட ஒருக்கா வந்து, அப்பாவைக் கண்டனான் எண்டு சொல்லுவீங்களா?"

யார் உங்கப்பா, எங்க பாத்தேன்னு சொல்லணும்னு கேட்டேன்.

"ஜெயில்ல. இந்தியாவில. எல்லை தாண்டினதெண்டு பிடிச்சு வச்சிருக்கினம். சுகமா இருக்கிறார், வந்திடுவார் எண்டு மட்டும் சொன்னாப் போதும். அம்மா இப்ப என்னை நம்புறாவில்லை மிஸ். நீங்கள் சொன்னா நம்புவா."

நீயே நினைச்சுப் பாரு. ஒரு வாத்தியார்கிட்ட வந்து பொய் சொல்லச் சொல்றா. அந்த வயசுல. சரி, பாக்கறேன்மான்னு அனுப்பிட்டேன். நேரா மாதா கோயில் வாசலுக்குப் போனேன். அந்த ஊருல டவர் கிடைக்கிறது அங்க மட்டும்தான். என் பழைய ஸ்டூடன்ட் ஒருத்தன் ராமநாதபுரத்துல போலீஸ்ல இருக்கான், அவனுக்குப் போன் போட்டேன். அவங்கப்பா பேரு சூசைதாஸ், பாலைக்குடா, போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலம், பிடிபட்டவங்கள்ல அப்படி ஒரு ஆள் இருக்கானான்னு பாருடான்னேன். நல்ல பையன், எல்லா இடத்துலயும் விசாரிச்சான். அப்படி ஒருத்தன் எந்த ஜெயில்லயும் இல்ல, எப்பவும் இருந்ததில்லன்னான்.

அதிபர்கிட்ட போனேன். அவர் ஒரு மாதிரி ஆயிட்டார். கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தார்.

"அவன் இல்லை மிஸ். புயலுக்குப் போன வள்ளம் திரும்பேல்ல. பலகை கரை ஒதுங்கினது. சேட்டும் ஒதுங்கினது."

சேட்டுன்னா சட்டை. அங்க அப்படித்தான் சொல்வாங்க.

"அப்ப அவன்ர பெண்சாதி லூர்துமலருக்குப் பிள்ளை பிறந்து நாலு நாள். காய்ச்சல். தாயும் தப்பாது, பிள்ளையும் தப்பாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்ப பாதர்தான் சொன்னவர், இந்தியாவில பிடிச்சு வச்சிருக்கினம் எண்டு சொல்லுவம், எழும்பட்டும், பிறகு சொல்லுவம் எண்டு. பிறகு, பிறகு எண்டு... ஊரே சேர்ந்து சொல்லிப்போட்டம் மிஸ். இப்ப ஆர் போய்ச் சொல்லுறது?"

பொண்ணு?

"அவளுக்குத் தெரியும். அந்தச் சேட்டை அடையாளம் காட்டினதே அவள்தான்."

பன்னெண்டு வயசுப் பொண்ணும்மா. அப்ப இன்னும் சின்னவ. அப்பன் சட்டையை அடையாளம் காட்டிட்டு, வீட்டுக்குப் போயி, அப்பா ஜெயில்ல இருக்காருன்னு தினம் ஒரு கதை கட்டியிருக்கா. அதுக்குத்தான் என்கிட்ட சப்பாத்தி கேட்டிருக்கா! நான் போர்டுல படம் போட்டுக் காட்டியிருக்கேன்! என் பாடத்தை எடுத்துட்டுப் போயி பொய்யா மாத்தியிருக்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு.

அதிபர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஈஸ்டர் முடியட்டும் மிஸ். பாதரோட போய் நாங்களே பக்குவமாச் சொல்லுறம். உங்களைக் கெஞ்சிக் கேக்கிறன்"னார்.

பக்குவமா! பொய்யைச் சொல்றப்ப பக்குவம் பாத்தாங்களா?

நான் அப்படிப் பழக்கமே இல்லாதவ. பொய்னு ஒண்ணு என் வாயிலேர்ந்து வந்ததில்ல. என் பையன் விஷயத்துலயே வந்ததில்ல. கதிரவன். மெல்போர்ன்ல இருக்கான். அவன் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பொண்ணோட அம்மா என்கிட்ட பேசிக்கிட்டிருந்தாங்க, பையனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க. காலேஜ்ல படிக்கிறப்ப ஒரு வருஷம் மன அழுத்தம்னு மாத்திரை சாப்பிட்டான், ஒரு தடவை கையை அறுத்துக்கிட்டான், இப்ப சரியாயிடுச்சுன்னு சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். மறைக்கச் சொல்றியா? நிச்சயம் நின்னு போச்சு. அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு அவன் நாலு வருஷமா காத்திருந்தான், அது எனக்குத் தெரியும். ஆனா மறைச்சுக் கட்டிவச்சா அது நிலைக்குமா? நிலைக்காது. அவனுக்கு இப்ப அது புரிஞ்சிருக்கும். வாய் விட்டுச் சொல்ல மாட்டான், ஆம்பளைப் பிள்ளை. ஆனா புரிஞ்சிருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், லூர்துமலர்.

மறுநாள் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். ஓலை வேலி, தகரக் கூரை. வாசல்ல கருவாடு காயப்போட்டுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் அப்படியே ஓடி வந்தா. சின்ன வயசுதான், முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கும், ஆனா முடியெல்லாம் நரைச்சுக் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. பால் இல்லாத டீ, கையில ஒரு துண்டு கருப்பட்டி. அவ உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே என் முகத்தையே பாக்கறா.

"பிள்ளை சொன்னவள், மிஸ் வருவா எண்டு. அவரைக் கண்டீங்களோ மிஸ்? மெலிஞ்சிட்டாரோ?"

உக்காரும்மான்னேன்.

"சப்பாத்தி சாப்பிடப் பழகிட்டார் எண்டு சொன்னவள். அவருக்குச் சோறு இல்லாட்டிச் சரிவராது. ஒரு தமிழ் பொலிஸ்காரர் நல்ல மாதிரியாம், அவர் சோறு கொண்டுவந்து குடுக்கிறவராமே?"

சிரிக்கிறா. வெக்கப்பட்டுக்கிட்டுச் சிரிக்கிறா, புதுப் பொண்ணு மாதிரி. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. கல்லு இல்லம்மா நான். ஆனா பாவம் பாத்தா முடியுமா? டாக்டர் ஊசி போடறப்ப பாவம் பாப்பாரா? உன் புருஷன் எந்த ஜெயில்லயும் இல்லம்மா, எப்பவும் இருந்ததில்ல, புயல் அன்னிக்கே போயிட்டான், பலகை ஒதுங்கிச்சு, சட்டை ஒதுங்கிச்சு, ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு சொன்னேன்.

அவ நம்பல. தலையை ஆட்டறா. "இல்லை மிஸ். பிள்ளை சொன்னவளே. பிள்ளை பொய் சொல்ல மாட்டாள்."

அப்ப என்ன பண்ணணும்? பாதியில விட்டுட்டு வரலாமா? பாதி உண்மைன்னா அதுவும் பொய்தானே. அந்தச் சட்டையை அடையாளம் காட்டினதே உன் பொண்ணுதாம்மா, அவளுக்கு முதல் நாள்லேர்ந்து தெரியும், என்னையும் பொய் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டான்னேன்.

அந்த நேரம் பாத்து ஜெசிந்தா வேலியைத் திறந்துக்கிட்டு வந்தா. இடுப்புல தம்பி. என்னைப் பாத்ததும் அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. நான் அவ சொன்னதைச் செய்ய வந்திருக்கேன்னு நினைச்சுட்டா போல. அப்புறம் அவங்கம்மாவைப் பாத்தா.

லூர்துமலர் பொண்ணு பக்கம் திரும்பினா. கத்துவா, அடிப்பான்னு நான் எதிர்பாத்தேன். ஒண்ணுமில்ல. நேரா பொண்ணுகிட்ட போயி, அவ இடுப்புலேர்ந்து குழந்தையை வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான். வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கதவைச் சாத்திட்டா. அந்தப் பொண்ணு வாசல்ல நின்னா, குழந்தை இருந்த இடத்துல கையை அப்படியே வளைச்சு வச்சுக்கிட்டு.

பாத்தியா, செத்துடுவா செத்துடுவான்னு ஊரே பயந்துச்சு. ஒரு பொட்டுக் கண்ணீர் விடல. நான் சொன்னதுல என்ன குடி முழுகிப் போச்சு?

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை.

உண்மை பீரியட். நான் யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி ஜெசிந்தா கை தூக்கினா. முதல் தடவையா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாம்மா, வந்து சொல்லுன்னேன். தலை சீவல, அதே சட்டை, ராத்திரி எங்க படுத்தான்னு தெரியல, முடியில மணல் ஒட்டியிருந்துச்சு. முன்னாடி வந்து நின்னா. வகுப்பைப் பாக்கல, என்னைப் பாத்தா.

"நானும் ஒரு உண்மை சொல்லட்டோ மிஸ்?"

சொல்லும்மா.

"நீங்கள் பின்னேரத்தில கடற்கரைக் கடைசியில நிண்டு மகனோட போன் கதைக்கிறனீங்கள். சாப்பிட்டியா ராசா, குளிருதா ராசா எண்டு கேப்பீங்கள். சிரிப்பீங்கள். அங்க சிக்னல் இல்லை மிஸ்."

போதும், போய் உக்காருன்னேன். அவ உக்காரல.

"ஒருநாளும் இல்லை. கோயிலடியில மட்டும்தான் இருக்கு. உங்கட போன் ஒருநாளும் அடிக்கிறேல்லை. உங்கட மகன் உங்களோட கதைக்கிறேல்லை. எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதிபர்தான் சொன்னவர், மிஸ் பாவம், ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது, அந்தப் பக்கம் விளையாடவும் போகக்கூடாது எண்டு."

ஏன் அப்படிப் பாக்கற? காத்து அடிச்சா அங்கயும் கிடைக்கும்மா. அந்தப் பக்கம் ஒரு டவர் இருக்கு, தூரத்துல. சில நாள் வரும். சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்? அவன் பேசறது விட்டு விட்டுத்தான் கேக்கும், நான்தான் அதிகம் பேசுவேன். எந்த வீட்டுலயும் அம்மாதானே அதிகம் பேசுவா? உங்க வீட்டுல எப்படி?

அதுக்காக ஒண்ணும் நான் கோவப்படல. என்ன நடந்துச்சுன்னா, எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்துதுங்க. அப்ப அந்த யூட் இருக்கான்ல, சின்னப் பையன், பாயில நனைக்கிறவன், அவன் கை தட்டினான். ரூல்னு தட்டறான். அவனைப் பாத்து அடுத்தவன். அப்புறம் எல்லாரும். சிரிப்பு இல்ல, சத்தம் இல்ல, கேலி இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே முதுகை நிமித்தி உக்காந்துக்கிட்டு வகுப்பு முழுக்கக் கை தட்டுது. நிறுத்துங்கன்னேன். நிறுத்தல. என்ன சொன்னாலும் தட்டணும்னு நான்தானே சொல்லியிருந்தேன்.

கை தானா போயிடுச்சு. ஜெசிந்தா கன்னத்துல. ஒண்ணே ஒண்ணுதான். அவ விழுந்தது பெஞ்சு தடுக்கினதால. உதடு கிழிஞ்சது பெஞ்சு முனையில. அதை டிரஸ்ட் ரிப்போர்ட்ல எப்படி எழுதியிருக்காங்கன்னு நீ பாத்திருப்ப. வாத்தியார் அடிச்சு ரத்தம்னு எழுதியிருப்பாங்க. ஒரு வாத்தியார் பிள்ளையை அடிக்கக் கூடாதுன்னா நானெல்லாம் எப்படிப் படிச்சேன்?

அன்னிக்கு சாயங்காலமே அதிபர் வந்தார். உக்காரல. வாசல்லயே நின்னார். "நீங்கள் வெளிக்கிடுங்கோ மிஸ். நாளைக்கு வேன் வரும்"னார். அவ்வளவுதான். நான் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன், அவர் கேட்டுக்கிட்டே நின்னார். முடிச்சதும், "உங்கட பெட்டியைக் கட்டுறதுக்கு ஆரையும் அனுப்பட்டோ?"ன்னார். பிள்ளைங்களுக்கு ஸ்டாம்ப் ஆல்பம், கதைப் புஸ்தகம்னு ஒரு பெட்டி நிறையக் கொண்டு போயிருந்தேன். ஒரு நன்றி கிடையாது.

ஆனா ஒருத்தி வந்தா. அதைத்தான் நீ முக்கியமா தெரிஞ்சுக்கணும். ரிப்போர்ட்ல இதை எழுதியிருக்க மாட்டாங்க.

காலையில வேன்ல ஏறி உக்காந்துட்டேன். லூர்துமலர் வந்தா. வெள்ளைச் சேலை. ஜன்னல் வழியா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "இந்த ஊரில நீங்கள் ஒராள்தான் எனக்கு உண்மை சொன்னனீங்கள் மிஸ்"னா. என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாத்தியா? அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. யாருக்கு நல்லது பண்ணினேனோ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

அவளுக்குப் பின்னாடி ஜெசிந்தா நின்னா. கையில ஒரு பை. உதடு வீங்கியிருந்துச்சு.

"இவளையும் இதிலதான் அனுப்புறன். டவுனில சிஸ்டர்மாரின்ர ஹொஸ்டல். பாதர் கதைச்சிட்டார்."

நல்லதும்மா, நல்ல படிப்பு கிடைக்கும்னேன்.

"படிப்புக்கில்லை மிஸ். அவளின்ர முகத்தை என்னால பாக்க ஏலாமக் கிடக்கு. ஒரு வருசம் ஒரே பாயில என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்து, அப்பா வருவார் எண்டு சொன்னவள். அந்த முகம்தான். இனி அந்த முகத்தை..."

முடிக்கல. ஜெசிந்தா, "அம்மா"ன்னா. ஒரே ஒரு தடவைதான். "அம்மா, தம்பிக்கு மத்தியானத்தில நான் இல்லாட்டி நித்திரை வராது"ன்னா. லூர்துமலர் திரும்பிக்கூடப் பாக்கல. நடந்து போயிட்டா.

வேன்ல நாங்க ரெண்டு பேரும் டிரைவரும்தான். அவ கடைசி சீட்டுல போய் உக்காந்தா. நான் எந்திரிச்சு அவ பக்கத்துல போய் உக்காந்தேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிறவ இல்ல நான். வழி பூரா பேசிக்கிட்டே வந்தேன். அடிச்சதை நினைச்சுக்காதம்மா, நீ நல்லா வருவ, ஹாஸ்டல்ல எல்லாம் புதுசா ஆரம்பிக்கலாம், பொய்யை மட்டும் விட்டுடு, உன் அம்மாவும் ஒரு நாள் புரிஞ்சுக்குவா. நடுவுல ஒரு கடையில நிறுத்தினாங்க, பன்னு வாங்கிக் குடுத்தேன். கையில வாங்கவே இல்ல. மடியில வச்சேன். வேன் ஆடினப்ப அது கீழ விழுந்து உருண்டு போச்சு. அவ எடுக்கல. ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா.

ஹாஸ்டல் வந்துச்சு. பெரிய இரும்பு கேட்டு. ஒரு வயசான சிஸ்டர் வந்து திறந்தாங்க. டிரைவர் பையை எடுத்துக் குடுத்தார். சிஸ்டர் அவ கன்னத்தைத் தடவி, "உதட்டில என்ன பிள்ளை?"ன்னு கேட்டாங்க. விழுந்துட்டேன்னா. பேரு கேட்டாங்க, சொன்னா. அம்மா பேரு சொன்னா.

"அப்பா எங்கயம்மா?"

"இந்தியாவில, சிஸ்டர். வந்திடுவார்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! இவ்வளவு நடந்த பிறகு! புது இடம், புது வாழ்க்கை, வாசப்படியில கால் வைக்கிறப்பவே பொய்! நான் ஜன்னல்லேர்ந்தே சொன்னேன், இல்ல சிஸ்டர், பொய் சொல்றா, அவங்கப்பா செத்துட்டார், அது இவளுக்கே தெரியும்னு.

சிஸ்டர் நிமிந்து பாத்தாங்க. "நீங்கள் ஆர்?"

இவளோட டீச்சர்.

"ஓமோ பிள்ளை?"ன்னு அவகிட்ட கேட்டாங்க.

அப்பதான் அவ என்னைப் பாத்தா. வேன் கிளம்பினதுலேர்ந்து அப்பதான். நல்லா நேராப் பாத்தா. "இல்லை சிஸ்டர். இவவை எனக்குத் தெரியாது. வழியில ஏறினவ. வழி முழுக்கத் தனிய கதைச்சுக்கொண்டு வந்தவ."

கண்ணு கூசாம சொல்றாம்மா! நான் இறங்கினேன். இறங்காம என்ன பண்றது? டிரைவரே, நீங்க சொல்லுங்கன்னேன். அவர் பாலைக்குடாக்காரர்தான். நான் இருந்த அத்தனை நாளும் காலையில பாக்கறப்பெல்லாம் "குட்மோனிங் மிஸ்"னு சொன்னவர், அவர் பொண்ணு என் வகுப்புலதான் படிச்சா. முதுகுல தடம்னு சொன்னேன்ல, அந்தப் பொண்ணு. அவர் என்னையும் பாத்தார், ஜெசிந்தாவையும் பாத்தார். தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "ஓம் சிஸ்டர். றோட்டில நிண்டவ, பாவம் எண்டு ஏத்தினனான். கொஞ்சம் சுகமில்லைப் போல"ன்னார்.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கிட்டாங்க. என்னை ரொம்பப் பாவமா ஒரு பார்வை பாத்துட்டு, அவளைத் தோளோட அணைச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. கேட்டைச் சாத்திட்டாங்க. நான் தட்டினேன். என் பேரைச் சொன்னேன், ஸ்கூல் பேரைச் சொன்னேன், வைஸ் பிரின்சிபால்னு சொன்னேன். பாஸ்போர்ட்டை எடுத்து ஆட்டிக் காட்டினேன். தெருவுல போறவங்கெல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாங்க. டிரைவர்தான் வந்து என் முழங்கையைப் பிடிச்சு, "வாங்கோ அம்மா, வாங்கோ, வெயில்"னு மெதுவா கூட்டிக்கிட்டுப் போனார். மிஸ்னு கூடச் சொல்லல.

நீ போறல்ல. போ. வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைங்களுக்கு ஆள் வேணும். ஆனா போனதும் ஒண்ணு பண்ணு. மரகதவல்லின்னு திருச்சியிலேர்ந்து ஒரு டீச்சர் வந்திருந்தாங்களான்னு கேட்டுப் பாரு. அதிபரைக் கேளு, கடைக்காரனைக் கேளு, அந்த யூட் பையனைக் கூப்பிட்டுக் கேளு. எல்லாரும் ஒரே மாதிரி, உன் கண்ணைப் பாத்து, ரொம்ப மரியாதையா, அப்படி ஒருத்தர் வரவே இல்லையேன்னு சொல்வாங்க. நீயும் நம்பிடுவ.